ஒரே பெயர், இரு மட்டைகள்



பெயர் ஒன்றாயிருப்பின் பொருளும் ஒன்றே என்று கொள்வது நம்மில் பலருக்கு வழக்கம். அது பிழையாகலாம் என்பதற்கு அமெரிக்க நாட்டின் சாப்ட்பால் ஆட்டம் நல்லதோர் எடுத்துக்காட்டு.

1887ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்துப் படகுக் குழாம் ஒன்றின் கூடத்திலே, குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகச் சுருட்டிக் கட்டி, துடைப்பக் காம்பை மட்டையாகக் கொண்டு தொடங்கிய ஆட்டம் இது. பின்னர் இரு கிளைகளாயிற்று. ஒன்று, பாஸ்ட் பிட்ச் எனப்படும் விரைவெறி ஆட்டம்; மற்றொன்று, ஸ்லோ பிட்ச் எனப்படும் மெல்லெறி ஆட்டம். இரண்டிலும் கையைத் தாழ்த்தியே பந்தை எறிதல் வேண்டும்.

விரைவெறியில் எறிபவர் தம் கையைக் காற்றாலைச் சிறகுபோல் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றிப் பந்தை விடுகிறார். மகளிர் ஆட்டத்தில் இடைத்தூரம் 43 அடி. தேர்ந்த வீராங்கனையர் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் எறிவதால், அரை வினாடிக்குள் பந்து வந்து சேரும். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம் பெற்றது இவ்வகையே.

மெல்லெறியிலோ இடைத்தூரம் 50 அடி. பந்து வில்போல் வளைந்து எழுந்து இறங்க வேண்டும். பரவலாக வழங்கும் ஒரு விதியின்படி, அவ்வளைவின் உச்சி தரையிலிருந்து 6 அடிக்குக் குறையாமலும் 12 அடிக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். களத்தில் ஒன்பதின்மருக்குப் பதிலாகப் பதின்மர் நிற்பர். அலுவலகத் தோழரும் நடுவயதினரும் மாலை வேளையில் கூடி மகிழ்வது இவ்வாட்டத்தில்தான்.

இனி மட்டையைக் காண்போம். இரண்டிலும் நீளம் 34 அங்குலத்தையும் குறுக்களவு இரண்டேகால் அங்குலத்தையும் தாண்டலாகாது. எனவே தோற்றம் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு எடையிலும் உள்ளமைப்பிலும் உள்ளது. விரைந்து வரும் பந்தை அடிக்க மட்டையும் விரைந்து சுழல வேண்டும். ஆதலால் விரைவெறி மட்டை இலேசானது. 33 அங்குல மட்டை 23 அவுன்ஸ் அளவில் இருப்பதுண்டு. மெதுவாக வரும் பந்துக்கோ வேகத்தை மட்டையே தரவேண்டும். ஆதலால் மெல்லெறி மட்டை பெரும்பாலும் 26 முதல் 30 அவுன்ஸ் வரை கனக்கும். நுனியில் எடை கூட்டியவையும் உண்டு. விரைவெறி ஆடும் சிறுமியிடம் இதைக் கொடுத்தால், பந்து கடந்த பின்னரே மட்டை சுழலும். வேறுவகை மோதலுக்கென அமைந்த அதன் சுவர் வெடிக்கவும் கூடும்.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. வெற்றி வேட்கையால் சிலர், கார்பன் இழை மட்டையின் உட்சுவரைக் களவாகச் சுரண்டி மெலிவிக்கின்றனர். மெலிந்த சுவர் சுருள்வில்லென அமுங்கி மீண்டு பந்தைப் பெருவேகத்தில் தள்ளும். வெளியே கீறலும் தெரியாது. ஆனால் எதிரே பந்தெறிந்து நிற்பவருக்குக் கையுறையை முகத்துக்கு நேரே உயர்த்தவும் நேரமிராது. அவரும் ஒரு வீட்டின் தந்தையாகவோ மகனாகவோ இருப்பவரன்றோ! இதனாலேயே பல போட்டிகளில் மட்டைகளை அழுத்தக் கருவியில் வைத்துச் சோதித்த பின்னரே அனுமதிக்கின்றனர்.

ஆகவே, மட்டை வாங்கும் பெற்றோர் ஆட்டம் எதுவென்று முதலில் கேட்கட்டும். அதற்குரிய அங்கீகார முத்திரை மட்டையில் உண்டா என்று பார்க்கட்டும். பிள்ளையின் கைவலிமையை அறிந்து எடையைத் தேரட்டும். கூடவே இதையும் சொல்லி வைக்கட்டும்: மட்டையின் உட்புறம் பிறர் கண்ணுக்குத் தெரியாது, எதிரே நிற்பவரின் முகமோ உன் கண்ணுக்குத் தெரியும்.