500 ரூபாய் வாங்கினவரைத் திட்டுறோம், கோடி கொடுத்தவரை?



தேர்தல் முடிஞ்ச மறுநாள் டீக்கடைக்குப் போனால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. "ஜனங்களே சரியில்லைங்க. 500 ரூபாய்க்கு ஓட்டை வித்துடறாங்க. அப்புறம் நாடு எங்க உருப்படும்?" நம்மில் பலரும் அதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருப்போம்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. இதில் மாற்றுக் கருத்தே கிடையாது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் 'ஃபார்முலா'ன்னு பேர் வாங்குற அளவுக்குப் போச்சு. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017-ல் ஆர்.கே.நகர். 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதியில் வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது தேர்தல் ரத்து. தலைகுனிய வேண்டிய பட்டியல்தான்.

ஆனா அந்த 500 ரூபாய் யாருடைய பணம்? கவரை நீட்டினவர் சொந்த வயலை வித்தா கொண்டுவந்தார்? மேலே யாரோ முதல் போட்டிருக்காங்க. முதல் போட்டவங்க அதை வட்டியோட எடுக்காம விடுவாங்களா? ரேஷன் கடை வரிசையில் நிக்கிற அம்மாவை ஏசுறது சுலபம். முதல் போட்டவர் யாருன்னு கேட்கிறதுதான் கஷ்டம். அதைக் கேட்க முடியாதபடி சட்டமே போட்டு வச்சிருந்தாங்க.

தேர்தல் பத்திரம் ஞாபகம் இருக்கா?

2017 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அறிவிச்சார். 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கி, பிடிச்ச கட்சிக்குக் கொடுக்கலாம். 15 நாளுக்குள் கட்சி அதைத் தன் கணக்கில் போட்டுக்கணும். கொடுத்தவர் பேரை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் ரூபாய்க்கும் பத்திரம் இருந்தது, சாமானியனுக்காகவாம். ஆனா விற்ற பணத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் வந்தது 1 கோடி ரூபாய்ப் பத்திரங்களில். ஒரே ஒரு தாள் 1 கோடி! எந்தச் சாமானியன் அதை மடிச்சு பையில் வைப்பான்?

இதோடு இன்னொரு வேலையும் செஞ்சாங்க. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுறதில்லை. அதுவரைக்கும் ஒரு கம்பெனி தன் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க முடியும். அந்த வரம்பையே தூக்கிட்டாங்க. நஷ்டத்தில் ஓடுற கம்பெனியும் எத்தனை கோடி வேணும்னாலும் கொடுக்கலாம். நஷ்டத்தில் இருக்கிறவனுக்கு ஏதுங்க அவ்வளவு தாராளம்? அது வேற யாருடைய பணமோன்னு சந்தேகம் வரத்தானே செய்யும்?

ரகசியம் என்றார்களே, அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. வாங்கினவர் விவரம் ஸ்டேட் வங்கியிடம் இருக்கும். அந்த வங்கி ஒன்றிய அரசுக்குச் சொந்தம். ஆக, அதிகாரத்தில் இருப்பவர் நினைத்தால் எட்டிப் பார்க்கலாம், உங்களுக்கும் எனக்கும்தான் திரை. கட்சிக்கு எங்கிருந்து பணம் வருதுன்னு தெரிஞ்சுக்கிற அடிப்படை உரிமை குடிமக்களுக்குக் கிடையாதுன்னு உச்ச நீதிமன்றத்திலேயே ஒன்றிய அரசு தரப்பு வாதாடியது. வேட்பாளரின் மனைவி கழுத்தில் எத்தனை பவுன் என்பதைக்கூடப் பிரமாணப் பத்திரத்தில் நாம பார்க்கலாம். ஆனா அவர் கட்சிக்குக் கோடி கோடியா கொடுத்தது யாருன்னு பார்க்கக் கூடாதாம்!

2024 பிப்ரவரி 15-ம் தேதி ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து, இந்தத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தார்கள். பட்டியலைக் கொடுக்க ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதாவது மக்களவைத் தேர்தல் முடிஞ்ச பிறகு. நீதிமன்றம் மறுத்ததும் அடுத்த நாளே விவரம் போய்ச் சேர்ந்தது. சும்மா கிடந்த கம்ப்யூட்டருக்கு திடீர்னு உயிர் வந்துடுச்சு போல.

மொத்தம் விற்றது 16,518 கோடி ரூபாய்க்கு. அதிகம் வாங்கிய கட்சி பா.ஜ.க. வெளியான பட்டியலின்படி 2019 ஏப்ரலுக்குப் பிறகு மட்டும் 6,000 கோடிக்கு மேல். மற்ற கட்சிகளும் கை நீட்டாமல் இல்லை. பத்திரம் வாங்கியவர்களில் முதலிடம், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாகத் தேர்தல் ஆணையத்திடம் தி.மு.க.வே தெரிவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது 2003-ல். சீட்டு உள்ளே வரக்கூடாது, நோட்டு வரலாம்.

இப்போ வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான அடிப்படை வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைச்சாங்க, வேறு சலுகை எதுவும் வாங்காத கம்பெனிகளுக்கு. அரசுக்கு வருஷம் 1.45 லட்சம் கோடி வருமானம் குறையும்னு அரசே சொன்னது. நன்கொடைக்காகத்தான் இந்தச் சலுகைன்னு நாங்க சொல்லல, அதுக்கு எங்க கையில் ஆதாரம் இல்லை. அப்படி ஒரு தொடர்பு இருக்கா இல்லையான்னு பார்க்கிறதுக்கே வழியில்லாமல் ஆறு வருஷம் கதவைச் சாத்தி வச்சிருந்தாங்களே, அதைத்தான் கேட்கிறோம். நீங்களும் நானும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் பேரம் பேசாமல் வரி கட்டுறோம். நமக்காகக் கதவைத் தட்ட யார் இருக்கா?

பத்திரம் போச்சு, ஓட்டை போகலை. மக்களவை வேட்பாளர் 95 லட்சம் வரைதான் செலவு செய்யலாம்னு வரம்பு இருக்கு. கட்சி செய்ற செலவுக்கு? எந்த வரம்பும் கிடையாது. வேட்பாளர் டீ, பஜ்ஜி வரைக்கும் கணக்கு எழுதணும், அவர் கட்சித் தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார். காசோலையில் வாங்கினாலும் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பேரை மட்டும் ஆணையத்திடம் சொன்னால் போதும்.

"உங்க கட்சிக்கு மட்டும் பணம் வானத்திலிருந்தா கொட்டுது?"ன்னு கீழே ஒருத்தர் கேட்பார். நியாயமான கேள்வி. நமக்கும் மைக் செட், பந்தல், வேன் டீசல் எல்லாம் வேணும். அதனால் கிளைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உண்டியலில் 10 ரூபாய் விழுந்தாலும் கணக்கில் எழுதுங்க, நன்கொடைக்கு ரசீது கிழிச்சுக் கொடுங்க. ரசீது தராத ஆளைப் பார்த்தால், அவர் நம்ம துண்டு போட்டிருந்தாலும், இங்கேயே எழுதுங்க.

பத்திரப் பட்டியல் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடக்கு. இன்னிக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்கிப் பாருங்க. உங்க ஊர்ப் பக்கம் ஆலையோ குவாரியோ வச்சிருக்கிற கம்பெனியின் பேர் அதில் இருக்கான்னு தேடுங்க. இருந்தால் நாளைக்கு அந்த டீக்கடையில் அதைப் பேசுங்க.