நிறம் போனால் நஞ்சு போயிற்றா?

வையையைக் கெடுப்பவர்க்கு இப்போது புதிதாய் ஓர் ஊன்றுகோல் கிடைத்துள்ளது. ‘நானோத் துகள் எனும் மீநுண் துகள் வந்துவிட்டது, சாயக் கழிவோ மாழை (உலோக) நஞ்சோ, ஒரு பிடி தூவினால் நீர் பளிங்காகும், பிறகென்ன கவலை?’ என்கின்றனர். சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் பாலம் வரை நடந்து, கீழே ஆற்றில் கலக்கும் கழிவைக் கண்டவர் இப்பேச்சில் மயங்குவது இயல்பே. நோய் முற்றினால் எம்மருந்தும் இனிக்கும்.

அறிவியலை நாம் பழிக்கவில்லை. எல்லாப் பக்கமும் ஒரு செண்டிமீட்டர் அளவான கட்டியின் மேற்பரப்பு 6 சதுரச் செண்டிமீட்டர்தான். அதனையே ஒரு நானோமீட்டர், அஃதாவது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு, அளவுள்ள துகள்களாய் அறுத்தால் பரப்பு 6000 சதுர மீட்டராகும். ஒரு காணி நிலத்தினும் மிகுதி! விரல்நுனியில் அடங்கும் பொருள் அவ்வளவு விரிந்து, சாயத்தையும் ஈயம், காட்மியம், குரோமியம் முதலிய எடைமிகு மாழைகளையும் தன்மேல் பற்றிக்கொள்கிறது. பரப்புக் கவர்ச்சி என்பது இதுவே. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தலப்பில் பிரதீப் குழுவினர் இவ்வழியில் குடிநீரிலிருந்து ஆர்செனிக் நஞ்சைப் பிரித்துக் காட்டினர். போற்றுவோம்.

ஆனால், குடிநீர் வேறு. சாயப் பட்டறைக் கழிவு வேறு. பருத்தியில் சாயம் ஏறுதற்கு உப்பை மூட்டை மூட்டையாய்க் கொட்டுகின்றனர். சாயத்தைப் பற்றும் துகள் அவ்வுப்பைப் பற்றுவதில்லை. நீர் தெளிந்தது என்று கண் சொல்லும். நாவும் நிலமும் வேறு சொல்லும். நொய்யலைக் கேளுங்கள்! நீர்ப்பாய்ச்சலுக்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பெற்று 1992-இல் திறக்கப்பட்ட அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாயிற்று. அணைநீரே வேண்டா என்று உழவர் கதறும் கொடுமை வேறெங்கு உண்டு? அவர்கள் அறமன்றப் படியேறிய பின்னரே, 2011 சனவரியில் சென்னை உயர் அறமன்றம் அப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

இன்னொன்று. துகள் பற்றிய நஞ்சு அழிவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே! புளிப்பு நீர் பட்டால், பற்றிய மாழையைத் துகள் மீண்டும் கைவிடும். அழுகும் குப்பைமேட்டில் ஊறும் நீர் புளிப்பேறியதன்றோ? அங்குக் கொட்டிய துகளின் நஞ்சு மழையோடு வழிந்து வையைக்கே திரும்பும். இரும்புத் துகளாயின் காந்தத்தால் இழுத்தெடுத்துக் கழுவி மறுபடியும் பயன்கொள்ளலாம் என்பர். சரி, கழுவிய நீர் எவர் கிணற்றிற்கு?

சுங்குடிக்குப் பெயர்பெற்ற இம்மதுரையில் சாயத்தொழில் அழிக என்பார் எவருமிலர். அத்தொட்டியில் கைவைப்பவனும் நம் உடன்பிறந்தானே. நஞ்சு முதலில் ஏறுவது அவன் தோலில்தான். ஆதலின், நுண்துகள் ஆலை வையைக்கரையில் எங்கு எழுந்தாலும், உள்ளே வந்த உப்பு எவ்வளவு, வெளியேறிய உப்பு எவ்வளவு, நஞ்சேறிய துகளை எங்கே புதைத்தனர் என்பதை நாள்தோறும் வாயிலில் தமிழில் எழுதி வைக்கவேண்டும். எழுத மறுக்கும் ஆலைக்கு ஒப்புதல் கூடாது.