பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சீர்செய்வது வீண்விரயமா?



அன்பிற்குரிய பெற்றோர்களே! ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு காரை உங்கள் மகன் விலைக்கு வாங்கி வந்து வாசலில் நிறுத்தினால் என்ன சொல்வீர்கள்? அதுவும் இருவர் மட்டுமே அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால்? ‘வீண்விரயம்’ என்ற சொல்லே பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும். வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு செலவு வீண்விரயமா இல்லையா என்பதை வண்டியின் தோற்றத்தை வைத்து முடிவு செய்துவிட முடியாது என்பதே என் கருத்து.

எங்கள் மதரஸாவில் ஓதிய மாணவர் ஒருவர், இப்போது வேலைக்குச் செல்பவர், ஒரு கிடங்கில் எட்டு ஆண்டுகளாக நின்றிருந்த ‘சான் ஸ்டார்ம்’ காரைச் சென்ற ஆண்டு வாங்கினார். அவருடைய வாப்பாவுக்கு இதில் சிறிதும் விருப்பமில்லை. நண்பர்கள் மூவர் கைகொடுக்க முன்வந்தனர். ஒருவர் லேத் பட்டறையில் பணிபுரிபவர். மற்றொருவர் வயரிங் வேலை தெரிந்தவர். மூன்றாமவர் கடையொன்றில் கணக்கு எழுதுபவர். ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் தொடங்கி மஃரிபு பாங்கு வரை வேலை நடந்தது. இதைக் குறித்து ஊரில் பலரும் பலவாறு பேசியதால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சிறிது. பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் நிறுவனம் 1990களின் இறுதியில் கொண்டுவந்த வண்டி அது. உடல் கண்ணாடியிழையால் ஆனது. உள்ளே இருப்பது பிரான்சு நாட்டு ரெனோ நிறுவனத்தின் 1,149 சி.சி. என்ஜின். அதன் ஆற்றல் ஏறத்தாழ 60 குதிரைத்திறன். இன்று நம் தெருவில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றின் ஆற்றல் இதைவிட மிகுதி. ஆகவே, ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்ற பெயரைக் கேட்ட உடனே மகன் பறந்துவிடுவான் என்று அஞ்சத் தேவையில்லை. அஞ்ச வேண்டியவை வேறு.

நெடுநாள் நின்ற வண்டியில் கண்ணுக்குத் தெரியும் கேடுகளைவிடத் தெரியாத கேடுகளே ஆபத்தானவை. கண்ணாடியிழை உடல் துருப்பிடிக்காது. கழுவித் துடைத்தால் பளபளக்கும். ஆனால் அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் அடியில் அரித்துப்போயிருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ‘டாட் 3’ வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதற்கு வகுக்கப்பட்ட கீழெல்லை 140 டிகிரி மட்டுமே. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால், மிதித்த கால் கீழே செல்லும், வண்டி நிற்காது. டயரின் பட்டன்கள் தேயாமல் புதியவைபோல் தோன்றினாலும், பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகி வெடிக்கும்.

இங்கேதான் நண்பர்களின் உண்மையான தரம் தெரிந்தது. ‘என்ஜினை உறுமவிட்டுப் பார்ப்போம்’ என்னும் ஆவலே இளைஞர்களுக்கு முதலில் வரும். இவர்கள் அந்த ஆவலை அடக்கினார்கள். டேங்கில் பிசினாகிப்போன பெட்ரோலை வடித்து, வெடித்திருந்த எரிபொருள் குழாய்களை மாற்றினார்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அதற்கேற்ற ரப்பர் குழாய்களையே தேடி வாங்கினார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சில சொட்டு ஆயில் விட்டு, என்ஜினைக் கையால் சுழற்றிப் பார்த்தார்கள். டைமிங் பெல்ட்டையும் எலி கடித்த வயர்களையும் மாற்றினார்கள். பிரேக் முழுவதையும் பிரித்துச் சீர்செய்து, டயர்களையும் மாற்றிய பிறகே வண்டி பட்டறையின் வாசற்படியைத் தாண்டியது. பெயிண்ட் வேலையை இறுதிக்குத் தள்ளிவிட்டார்கள். உயிரைக் காப்பது முதலில், அழகு பிறகு என்னும் இந்த வரிசை பேணப்பட்டால் அச்செலவை வீண் என்று நான் சொல்லமாட்டேன். பிரேக்கை விட்டுவிட்டுப் பெயிண்டுக்குப் பணம் கொட்டினால், அது வீண்விரயம் மட்டுமன்று; பிறர் உயிரோடு விளையாடுவதுமாகும்.

இரண்டாவது, கணக்கு. நட்பு என்பதற்காகக் கணக்கை விட்டுவிடுவது நம்மிடையே பெருந்தன்மையாகக் கருதப்படுகிறது. பின்னர் அதே நட்பு கணக்கால் முறிவதையும் காண்கிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அல்குர்ஆன் (2:282) விரிவாகவே அறிவுறுத்துகிறது. நண்பர்களுக்கு இதில் விலக்கு இல்லை. யார் எந்த உதிரிபாகத்துக்குப் பணம் போட்டார், அது அன்பளிப்பா, கடனா என்பதை மூன்றாம் நண்பர் ஒரு நோட்டில் எழுதி நால்வரிடமும் கையொப்பம் பெற்றார். லேத்தில் கடைய வேண்டிய பாகத்தை முதலாளியின் அனுமதி பெற்று, வேலை நேரத்துக்குப் பிறகே கடைந்தார்கள். பிறருடைய இயந்திரமும் நேரமும் அமானிதம் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு வகுப்பறையில் கற்பிக்க என்னால் இயலாது.

மூன்றாவது, உண்மை. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறிப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 29, 30 வழியாக ஆர்.சி. தன் பெயருக்கு மாறாமலும், காப்பீடு இல்லாமலும் சாலையில் இறங்கும் வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுச் சுமை ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும். என்றேனும் இவ்வண்டியை விற்க நேர்ந்தால், மாற்றாமல் விட்ட பாகத்தையும், ஒட்டுப்போட்ட சட்டத்தையும் வாங்குபவரிடம் சொல்லியே ஆகவேண்டும். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வணிகரைக் கேட்ட செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. பளபளக்கும் பெயிண்டும் ஒரு குவியலின் மேற்பரப்பே.

‘அந்தப் பணத்தில் ஓர் ஏழைக்கு உதவியிருக்கலாமே’ என்பார்கள். நியாயமான கேள்வி. ஜகாத்தையும் வீட்டுச் செலவையும் கடனையும் தீர்க்காமல் இதில் இறங்குபவருக்கு அக்கேள்வி முற்றிலும் பொருந்தும். ஆனால் இதே கேள்வியை, வட்டிக் கடனில் தவணை கட்டிப் புத்தம்புதிய பைக் வாங்கும் இளைஞரிடம் நாம் கேட்பதில்லை. கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு, பிறர் கைவிட்ட பொருளைத் தம் உழைப்பால் உயிர்ப்பிப்பவரைக் கடிந்துவிட்டு, வட்டியில் வந்த வண்டிக்கு மாலை போட்டு வரவேற்பது எவ்வகையில் நீதி?

எனவே பெற்றோர்களே, மகனைத் தடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பிரேக் சரியாகிவிட்டதா? கணக்கு நோட்டு எங்கே? ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் பட்டறைக்குச் சென்று அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுங்கள். பதில் வராவிட்டால், சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே தகப்பனின் கடமைதான்.

நம் பிள்ளைகளின் கைத்திறனுக்கும் நட்புக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.