‘பாசிட்டிவா இருங்க’ன்னு சொன்னா போதுமா? எம்பிஏ வகுப்புக்கு மதுரை வைத்திருக்கும் பாடம்

சம்பளம் பத்து நாள் தள்ளிப் போகிறது. பக்கத்து சீட்காரரை அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை டீம் மீட்டிங்கில் மேனேஜர் சொல்கிறார்: “எல்லாரும் பாசிட்டிவா இருங்க.” ஐடி நிறுவனமோ ஜவுளிக்கடையோ, இந்த வசனம் பலருக்கும் பழக்கம்தான்.

மேலாண்மைப் படிப்பில் ‘பாசிட்டிவ் லீடர்ஷிப்’ என்று ஒரு பாடம் உண்டு. அந்த மேனேஜர் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. ஆனால் வகுப்பறையிலேயே இரண்டும் கலந்துவிட்டால், நாளைக்கு மேனேஜர் ஆகிறவரும் அதே வசனத்தைத்தான் சொல்வார். கஷ்ட காலத்தில் அதன் விலையைக் கொடுப்பது கீழே வேலை பார்ப்பவர்கள்.

பாசிட்டிவ் லீடர்ஷிப்னா என்ன?

இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிம் கேமரன். 2008-ல் இதே தலைப்பில் புத்தகம் எழுதினார். அவர் சொல்வது நான்கு விஷயங்கள்: வேலையிடத்தில் நல்ல சூழல், நல்ல உறவுகள், ஊக்கம் தரும் பேச்சு, வேலைக்கு ஓர் அர்த்தம்.

கவனியுங்கள், கெட்ட செய்தியை மறைக்கச் சொல்லும் பாடம் இல்லை இது. தவறைச் சுட்டிக்காட்டக் கூடாது என்றும் சொல்லவில்லை. பிரச்சினையைப் பார்க்கும்போதே, இங்கே எது நன்றாக நடக்கிறது, அதை எப்படி வளர்ப்பது என்றும் பார்க்கச் சொல்கிறது. அவ்வளவுதான்.

வழுக்கிய மேஜிக் எண்

இந்தத் துறையில் ஒரு சறுக்கலும் நடந்தது. ஒரு குறைக்கு மூன்று நல்லது என்ற விகிதம் இருந்தால் மனிதர்களும் குழுக்களும் செழிப்பார்கள் என்று 2005-ல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் மார்சியல் லொசாடாவும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். எல்லையை 2.9013 என்று நான்கு தசமம் வரை கொடுத்திருந்தார்கள். பயிற்சி வகுப்புகளுக்குக் கொண்டாட்டம்! 2013-ல் நிக்கோலஸ் பிரவுன், ஆலன் சோகல், ஹாரிஸ் ஃபிரீட்மேன் ஆகிய மூவர் அந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்று காட்டினார்கள். கட்டுரையின் கணித மாதிரிப் பகுதி திரும்பப் பெறப்பட்டது.

மூன்று பாராட்டு, ஒரு திட்டு என்று எண்ணிக் கொடுத்தால் தலைமை வந்துவிடாது. அப்படியானால் எதிலிருந்து கற்பது?

அண்ணா நகரில் ஒரு வகுப்பறை

1976. அரசு மருத்துவப் பணியில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். இளம் வயதிலேயே தாக்கிய முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் வளைந்து போயிருந்தன. அந்தக் கைகளாலேயே பழகிப் பழகி அறுவை சிகிச்சை செய்தவர். பணத்துக்காகக் குடும்பம் வீட்டை அடமானம் வைத்தது. தங்கை, மைத்துனர் என்று உறவினர்களே முதல் மருத்துவர்கள்.

இதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. 1993-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் இதைப் பாடமாக எழுதியது. பாஸ்டனில் படிக்கிறவர்கள் பக்கம் பக்கமாகப் படிப்பதை, மதுரை எம்பிஏ மாணவர் டவுன் பஸ் பிடித்துப் போய் நேரிலேயே பார்க்கலாம்.

அங்கே பார்க்க வேண்டியது சுவரில் எழுதிய பொன்மொழிகளை அல்ல, வேலை நடக்கும் விதத்தை. பணம் கட்டும் நோயாளிகளின் வருமானம், கட்ட முடியாதவர்களின் சிகிச்சையைத் தாங்குகிறது. கிராமத்துப் பெண்களுக்குப் பள்ளிப்படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, பரிசோதனை முதல் அறுவை அரங்கு உதவி வரை பெரும்பகுதி வேலையை நம்பி ஒப்படைக்கிறார்கள். மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போது, அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இறக்குமதி விலையில் வாங்கி ஏழைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றபோது, 1992-ல் ஆரோலேப் தொடங்கி உள்ளூரிலேயே தயாரித்தார்கள்.

கேமரன் சொன்ன ‘அர்த்தம்’ இங்கே பேச்சாக நிற்கவில்லை. வேலைப் பங்கீடாகவும் விலைப் பட்டியலாகவும் மாறியிருக்கிறது.

பெட்ரோல் இல்லாத காலத்தில்

மதுரைக்கு இன்னொரு பழைய உதாரணமும் உண்டு. இங்கே பேருந்துத் தொழில் நடத்திய டி.வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது வண்டிகளை ஓட்ட கேஸ் பிளான்ட் தயாரிப்பில் இறங்கினார். ‘சமாளிப்போம்’ என்று சொல்லிவிட்டு, சமாளிக்கிற வழியையும் செய்து காட்டினார்.

எல்லாராலும் முடியுமா?

நியாயமான கேள்வி. அரவிந்தின் பின்னால் ஒரு குடும்பத்தின் உழைப்பும் ஆன்மிகப் பிடிப்பும் இருந்தன. அதை பிபிடி போட்டுக் கற்றுக்கொடுக்க முடியாது. 2020 பொதுமுடக்கத்தில் பேருந்தும் கூட்டமும் நின்றபோது, கிராம முகாம்களை நம்பிய அந்த முறைக்கே அடி விழுந்தது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ‘சேவை’, ‘குடும்பம்’ என்ற சொற்களைக் காட்டி, குறைந்த சம்பளத்துக்கு அதிக நேரம் வேலை வாங்க நினைக்கும் முதலாளிக்கு இந்தப் பாடம் வசதியாகப் போய்விடும்.

அதனால்தான் மதுரை உதாரணத்தைப் பக்தியோடு அல்ல, கேள்வியோடு நடத்த வேண்டும். அர்த்தமுள்ள வேலை என்பது சம்பளத்துக்கு மாற்று ஆகாது.

அப்போ வகுப்பில் என்ன செய்யலாம்?

ஒன்று, கெட்ட செய்தி சொல்லும் பயிற்சி. சம்பளம் தாமதம், ஆட்குறைப்பு போன்றவற்றை உண்மையாக, மரியாதையாக, அடுத்து என்ன என்ற தெளிவோடு சொல்ல மாணவர் பழக வேண்டும். எத்தனை மேனேஜர்களுக்கு இது தெரியும்?

இரண்டு, கணக்கைப் படிப்பது. ‘ஊழியர்களே எங்கள் சொத்து’ என்று சொல்லும் நிறுவனம் நெருக்கடியில் முதலில் எந்தச் செலவை வெட்டியது என்று தேடச் சொல்லுங்கள்.

மூன்று, கீழிருந்து கேட்பது. மாட்டுத்தாவணி காய்கறிக் கடையோ சுங்குடி சாயப் பட்டறையோ, நிறுவனர் பேட்டிக்கு முன்னால் சுமை தூக்குபவரிடமும் சாயம் போடுபவரிடமும் பேசட்டும். 2020-ல் முதலாளி என்ன செய்தார் என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

கஷ்ட காலத்தில் நம்பிக்கை கொடுக்கும் தலைவர் கண்டிப்பாகத் தேவை. ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். அடுத்த முறை யாராவது ‘பாசிட்டிவா இருங்க’ என்றால், “சரி சார், அதுக்கு நீங்க என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்கத் தெரிந்தவரை உருவாக்குவதுதான் நல்ல மேலாண்மைக் கல்வி. மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.