நாடக மதிப்புரையும் நடுநிலைமையும்

1958-ம் வருஷம் லண்டனில் ஹெரால்டு பின்டரின் ‘பிறந்தநாள் விருந்து’ நாடகம் எட்டே ஆட்டங்களுடன் நின்றுபோயிற்று. தினசரிகளிற் பெரும்பாலானவை அதைப் பொருளற்றதென்று இகழ்ந்திருந்தன. ஹெரால்டு ஹாப்ஸன் என்ற விமர்சகர் போற்றியெழுதிய மதிப்புரை ஸண்டே டைம்ஸில் வெளிவந்ததோ, நாடகம் நின்ற மறுநாள்! பின்னர் அது உலகப் பிரசித்தி பெற்றது வேறு விஷயம். தமக்கு விளங்கவில்லையென ஒப்புவது குற்றமன்று. அதையே ஆசிரியர்மீது குற்றமாகச் சுமத்துவதை நாம் கண்டிக்கிறோம். மேடையில் நிகழ்ந்தது யாது, ஆசிரியர் கருதியது யாது, நடிகர்கள் அதை எவ்வளவு நிறைவேற்றினர் என்பதை விமர்சகர் முதலில் சொல்லட்டும்; புகழ்ச்சியோ கண்டனமோ பின்னர் வரட்டும். நம் தமிழ் மேடைக்கு வாய்த்த நோய் வேறு. நண்பர் நாடகமென்றால் உபசார மொழிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றை நம்பி டிக்கெட்டு வாங்கி ஏமாந்தவர், அடுத்து வரும் நல்ல நாடகத்துக்கும் வருவதில்லை.