சங்கரன்கோவில் பெண்ணுக்கு டென்னிஸ் எதற்கு என்பவர்களுக்கு

"பொம்பளப் பிள்ளைக்கு டென்னிஸ் எதுக்கு? அது மெட்ராஸ்ல பெரிய வீட்டுப் பிள்ளைக ஆடுறது. நாலு வருசம் ஆடிட்டு, கல்யாணம் ஆனதும் மட்டையை மூலையில போடப் போறா. அதுக்குப் போயி இவ்வளவு காசும் அலைச்சலுமா?"

மகளை விளையாட்டில் விட நினைக்கும் பெற்றோரிடம் எங்கள் சங்கரன்கோவில் பக்கம் சொல்லப்படும் பேச்சு இது. சொல்கிறவர்கள் தாய்மாமன், அத்தை, பக்கத்து வீட்டு அண்ணாச்சி என்று அந்தப் பிள்ளைமேல் அக்கறை உள்ளவர்கள். அக்கறையோடு வருவதால்தான் இந்தப் பேச்சு பெற்றோரின் மனத்தில் சட்டென்று தைத்துவிடுகிறது. ஆனால் இதிலுள்ள வாதங்களைப் பிரித்துத் தனித்தனியே நிறுத்திப் பார்த்தால், ஒன்றுகூடக் கடைசிவரை நிற்பதில்லை.

"சின்ன ஊரிலிருந்து டென்னிஸில் யாரும் மேலே வர முடியாது"

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பாரெல்லன் என்று ஒரு கோதுமை விளையும் ஊர் இருக்கிறது. நம் சங்கரன்கோவில் நகராட்சியின் ஒரு வார்டுக்குள் அடங்கிவிடக்கூடிய ஊர். எவோன் கூலகாங் அங்கே வளர்ந்தவர். அப்பா ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளி. குடும்பம் விராஜுரி என்ற ஆதிக்குடியைச் சேர்ந்தது. வெள்ளையர்களின் ஊரில் அவர்கள் எப்படி நடத்தப்பட்டிருப்பார்கள் என்பதை நம்மால் ஊகிக்க முடியும். சுவரில் பந்தடித்துப் பழகிய அந்தச் சிறுமியை ஊர்ப் பெரியவர் ஒருவர் கோர்ட்டுக்குள் அழைத்து ஆடச் சொன்னார். பிறகு சிட்னியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து பொறுப்பேற்றார். 1971-இல் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டையும் கூலகாங் வென்றார். ஒற்றையரில் அவர் வென்ற கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் மொத்தம் ஏழு.

பாரெல்லனில் இருந்தது ஒரு கோர்ட்டும், ஒரு பிள்ளையை உள்ளே வா என்று கூப்பிட ஒரு மனிதரும். ஊரின் அளவு கூலகாங்கைத் தடுக்கவில்லை. பாரெல்லனைவிடப் பல மடங்கு பெரிய சங்கரன்கோவிலுக்குக் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

"சானியாவை விட்டால் வேறு யார் சாதித்தார்கள்?"

கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் சாதித்தார். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ரஞ்சி கிரிக்கெட் ஆடிய அவருடைய அப்பா. 1998 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை நிருபமா வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கிராண்ட்ஸ்லாம் திறந்துவிடப்பட்ட 1968-க்குப் பிறகு, அதன் பிரதான சுற்றில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மகேஷ் பூபதியுடன் சேர்ந்து கலப்பு இரட்டையர் வெண்கலம். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்.

"ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்ததா சாதனை?" என்று கேட்பார்கள். அந்த ஒரு ஆட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாததால் வரும் கேள்வி அது. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவில் 128 பேருக்குத்தான் இடம். இன்றைய நடைமுறையில், உலகத் தரவரிசையில் ஏறத்தாழ முதல் நூறு பேர் நேரடியாக உள்ளே போகிறார்கள். அடுத்த வரிசையில் நிற்பவர்கள் மூன்று தகுதிச் சுற்றுகளை வென்றால்தான் கதவு திறக்கும். அந்தத் தரவரிசையோ நிலையாக நிற்பது கிடையாது. இந்த வாரம் வாங்கிய புள்ளிகள் அடுத்த ஆண்டு இதே வாரத்தில் கழிந்துவிடும். அதை ஈடுகட்ட மறுபடி ஜெயிக்க வேண்டும். காய்ச்சலில் படுத்தாலும் கணுக்கால் பிசகினாலும் கணக்கு நிற்காது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இடம் பிடிக்கும் இந்தப் பட்டியலில் நிருபமா எட்டிய உச்சம் 134. ஒரு தொழிலில் உலகத்திலேயே 134-ஆவது ஆள் என்று ஒரு மருத்துவரையோ பொறியாளரையோ சொன்னால் ஊரே பிளெக்ஸ் வைக்கும். விளையாட்டுக்காரருக்கு மட்டும் கோப்பையைத் தவிர வேறு அளவுகோல் கிடையாதா?

சானியா மிர்சாவையும் நாம் சரியாகப் படிக்கவில்லை. 2007-இல் ஒற்றையரில் 27-ஆம் இடம் வரை போனவர் அவர். மணிக்கட்டுக் காயம் அவரை விடாமல் துரத்தியது. அதன் பிறகு முழுதாக இரட்டையருக்கு மாறினார். "ஒற்றையரில் முடியாமல் ஒதுங்கிவிட்டார்" என்று பேசினார்கள். அப்படி ஒதுங்கியவர்தான் 2015 ஏப்ரலில் இரட்டையரில் உலகின் முதல் இடத்தில் அமர்ந்தார். மார்ட்டினா ஹிங்கிசுடன் சேர்ந்து அந்த ஆண்டு விம்பிள்டனையும் அமெரிக்க ஓபனையும், 2016-இல் ஆஸ்திரேலிய ஓபனையும் வென்றார். கலப்பு இரட்டையர் மூன்றையும் சேர்த்தால் ஆறு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள். உடம்பு ஒரு வழியை அடைத்தபோது இன்னொரு வழியைத் தேர்ந்து அதன் உச்சிக்குப் போன பெண் அவர். எந்தத் தொழிலில் இருக்கும் பெண்ணுக்கும் அது பாடம்.

இப்போது அடுத்த தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த சர்வதேசப் போட்டியில், தகுதிச் சுற்றிலிருந்து தொடங்கி அரையிறுதிவரை போனார் கோயம்புத்தூரின் மாயா ராஜேஸ்வரன். அப்போது அவருக்கு வயது 15.

"பணத்தைத் தின்னும் ஆட்டம்"

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் கீழ்மட்டச் சர்வதேசப் போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 டாலர்தான். அது அத்தனை சுற்றுகளுக்கும், ஒற்றையர் இரட்டையர் இரண்டுக்கும் பிரிந்து போகும். முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது பயணச் செலவுக்கே காணாது. பயிற்சியாளர், மட்டை, நரம்பு, காலணி, விசா எல்லாம் வீட்டுப் பணம். இதை மறைத்துவிட்டுப் பெற்றோருக்கு ஆசை காட்டுவது தவறு.

ஆனால் அந்தச் செலவு வருவது ஒரு பிள்ளை மாநில, தேசிய அளவில் தன்னை நிரூபித்த பிறகு. பத்து வயதில் தொடங்குகிற பிள்ளைக்கு அது பொருந்தாது. சிறுவர்களுக்கென்று மெதுவாக வரும், தாழ்வாக எழும்பும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகளைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு வகுத்திருக்கிறது. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்துக்கு இடமே இல்லை. சிவப்புப் பந்துக்குத் தேவையான களம் ஏறத்தாழ 11 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலம். முழு கோர்ட்டைக் குறுக்கே கோடு போட்டுப் பிரித்தால் நாலு களம் கிடைக்கும். ஒரே நேரத்தில் எட்டுப் பிள்ளைகள் ஒற்றையர் ஆடலாம். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடும் ஒரு கயிறும் போதும். பூப்பந்து மட்டை பிடித்துப் பழகிய நம் பள்ளிப் பெண்களுக்குக் கண்ணும் கையும் ஏற்கெனவே பாதி தயார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமான பரிசு என்பதை வெகு முன்னரே நடைமுறைக்குக் கொண்டுவந்த விளையாட்டு டென்னிஸ். பில்லி ஜீன் கிங் உள்ளிட்டோரின் போராட்டத்தால் 1973-இல் அமெரிக்க ஓபன் இருவருக்கும் ஒரே தொகை கொடுத்தது. 2007-இல் விம்பிள்டனும் வழிக்கு வந்ததோடு நாலு கிராண்ட்ஸ்லாமும் சமம் ஆயின. மகளுக்கு ஏதாவது ஒரு விளையாட்டு என்று யோசிக்கும் வீட்டில் இதுவும் கணக்கில் வர வேண்டும்.

"படிப்பு கெட்டுப் போகும்"

2025-இல் சென்னை ஓபன் மகளிர் பட்டத்தை வென்றவர் இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென். அமெரிக்காவில் ஒரேகன், பெப்பர்டைன் பல்கலைக்கழகங்களின் அணிகளில் ஆடிப் படித்துவிட்டுத்தான் அவர் தொழில்முறைக்கு வந்தார். 2022 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் ஆடிய டேனியல் காலின்ஸும் கல்லூரி அணியில் ஆடி வளர்ந்தவர். நம் ஹைதராபாத்தின் சகஜா யமலபள்ளி டெக்சாஸில் கல்லூரி டென்னிஸ் ஆடியவர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெண்கள் டென்னிஸ் அணிக்கு உதவித்தொகை கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. ஆட்டம் அவர்களுடைய படிப்புச் செலவைச் சுமந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், தமிழ்நாட்டிலேயே பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நூறில் தொண்ணூற்றொன்பது பேர் விம்பிள்டன் போகப் போவதில்லை என்பது சரி. அந்தத் தொண்ணூற்றொன்பது பேரும் தோற்றுப்போனவர்கள் என்பதுதான் தவறு. பயிற்சியாளர், உடற்கல்வி ஆசிரியர், நடுவர், பிசியோதெரபிஸ்ட் என்று இந்த ஆட்டத்தைச் சுற்றியே தொழில்கள் இருக்கின்றன. நிருபமாவே பிறகு கலிபோர்னியாவில் அகாடமி நடத்திப் பயிற்சி கொடுத்தார்.

"வெயிலில் கறுத்துவிடுவாள், அந்த உடையைப் போட்டுக்கொண்டு எப்படி?"

சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்கு வரும் பூவைப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். களை எடுப்பவர்களும் நூறு நாள் வேலைக்கு மண் சுமப்பவர்களும் பெண்கள். அவர்கள் கறுத்துப் போவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. உழைக்க அனுப்பும்போது உறைக்காத வெயில், ஆடப் போகும்போது மட்டும் உறைப்பது நியாயமில்லை. பயிற்சியோ காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்துக்கும்தான் நடக்கும்.

உடைக்கும் பதில் இருக்கிறது. 2005-இல் சானியாவின் குட்டைப் பாவாடையை வைத்து எத்தனை பேச்சு! அவர் தன் ஆட்டத்தால் அதைக் கடந்தார். நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சங்கடம்கூட வேண்டியதில்லை. பாவாடை இல்லாமல் லெக்கிங்ஸ் மட்டும் அணிந்து ஆடலாம் என்று மகளிர் டென்னிஸ் சங்கமே 2019 முதல் விதியில் எழுதிவைத்திருக்கிறது. டிராக் பேண்ட் போட்டுப் பயிற்சிக்குப் போகிற பிள்ளையை எந்தக் கோர்ட்டும் வெளியே அனுப்பாது.

"கல்யாணத்தோடு எல்லாம் முடிந்தது"

முடியவில்லை என்பதற்கு ஆட்களே சாட்சி. கூலகாங் 1980-இல் தன் இரண்டாவது விம்பிள்டனை வென்றபோது அவர் ஒரு குழந்தைக்குத் தாய். பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸ் குழந்தை பெற்றுத் திரும்பி 2009-இல் அமெரிக்க ஓபனை வென்றார். சானியாவுக்கு 2018 அக்டோபரில் மகன் பிறந்தான். 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் இரட்டையர் பட்டத்தோடு திரும்பினார். நிருபமா மகள் பிறந்த பிறகு மறுபடி மட்டையை எடுத்து, 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டுக்கான இந்திய அணியில் இடம் பிடித்தார்.

விதிகளும் மாறிவிட்டன. பேறுகாலத்துக்கு விலகும் வீராங்கனை, திரும்பி வரும்போது பழைய தரவரிசையைக் காட்டிப் போட்டிகளில் நுழையலாம். 2025 மார்ச்சில் மகளிர் டென்னிஸ் சங்கம் பேறுகால நிதித் திட்டத்தை அறிவித்தது. தகுதியுள்ளவர்களுக்கு 12 மாதம் வரை ஊதியத்துடன் விடுப்பு. நம் ஊர்த் தனியார் வேலைகளில் எத்தனை பெண்களுக்கு இது கிடைக்கிறது? கல்யாணத்தோடு ஒரு பெண்ணின் ஆட்டம் நின்றால், நிறுத்துவது நாம். டென்னிஸ் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

குறை எங்கே இருக்கிறது

ஒற்றையரில் உலகின் முதல் நூறு இடங்களுக்குள் வந்த இந்தியப் பெண் சானியா ஒருவர்தான். இந்த உண்மையைக் காட்டி "நம் பெண்களுக்கு வராது" என்கிறார்கள். நான் இதையே வேறு விதமாகப் படிக்கிறேன். நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பெண் பிள்ளைகளுக்கு ஒருமுறைகூட டென்னிஸ் மட்டையைத் தொடும் வாய்ப்பு கிடைக்கவில்லை. தேர்வே எழுத விடாமல் ஒரு பிள்ளையைத் தோல்வி என்று அறிவிக்க முடியாது.

சுற்றி ஓட இடம்விட்டு ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்கு வேண்டியது 120 அடி நீளம், 60 அடி அகலம். நம் கணக்கில் பதினாறரை சென்ட். அரசுப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் அந்த இடம் கிடைக்கும். நகராட்சியும் சட்டமன்ற உறுப்பினரும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மனம் வைத்தால், வண்டல் மண் இட்டு உருளை ஓட்டிய ஒரு கோர்ட், பயிற்சி பெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியை, மாலையில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இரண்டு மணி நேரம், இந்த மூன்றும் முடியாத காரியம் இல்லை. அதில் ஒரு பிள்ளை தேறிவிட்டால், பொதிகை எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் விடிந்ததும் சென்னை. மாநிலப் போட்டிகள் எட்டும் தூரம்தான்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது "பொம்பளப் பிள்ளைக்கு டென்னிஸ் எதுக்கு?" என்று கேட்டால், தலைகுனிந்து நிற்க வேண்டாம். "நம்ம ஊர்ல ஒரு கோர்ட் ஏன் இல்ல?" என்று திருப்பிக் கேளுங்கள். வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.