ஊறலா, ஊறுகாயா?

போலந்தில் விருந்துக்குச் சென்று திரும்புகையில் கையில் ஒரு சிறு புட்டி வந்து சேரலாம். ஒட்டிய சீட்டில் பழத்தின் பெயரும் ஆண்டும் கைப்பட எழுதியிருக்கும். 'நலெஃப்கா' என்பது அதன் பெயர். இதனை 'வீட்டில் காய்ச்சிய சாராயம்' என்று தமிழாக்குவதை நாம் ஏற்பதற்கில்லை. காய்ச்சி வடிப்பது 'பிம்பெர்'. அங்கும் அது சட்டவிரோதமே. (வோட்காவும் பங்கீட்டு அட்டைக்குள் வந்தபோது அது பல வீடுகளில் பெருகிற்று என்பது வேறு கதை.)

நலெஃப்காவுக்கு அடுப்பு வேண்டியதில்லை. கடையில் வாங்கிய எரிசாராயத்தில் செர்ரிப் பழத்தையோ பச்சை வால்நட் காயையோ இட்டு வாரக்கணக்கில் ஊறவைப்பர். வடித்தெடுத்துச் சர்க்கரை சேர்த்து, தெளிவதற்கு மாதக்கணக்கில் விட்டுவைப்பர். வால்நட் ஊறியது வயிற்று உபாதைக்கு மருந்தென அளவாய் அருந்தப்படுவது. ஊறுவதால் 'ஊறல்' என்பதே பொருந்தும் சொல். ஆனால் காவல்துறைச் செய்திகள் அச்சொல்லைக் கள்ளச்சாராயப் பானைக்குள் அமிழ்த்திவிட்டன. அது போகட்டும், ஊருக்குக் கிளம்புகிறவர் பையில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைத் திணித்தனுப்பும் வழக்கம் நம்மிடமும் உண்டே. அந்த வரிசையில் வைத்தே நலெஃப்காவை மொழிபெயர்க்க வேண்டும் என்பது நம் கட்சி.

குடிப்பழக்கம் நமக்கில்லை. எனினும் அப்புட்டியை எவரேனும் நீட்டினால் இரு கையாலும் வாங்கிக்கொண்டு, எந்த ஆண்டுப் பழம் என்று கேட்போம்.